நீல நாற்காலியில் சிறுமி (ஓவியம்)

நீல நாற்காலியில் சிறுமி என்பது அமெரிக்க ஓவியர் மேரி கசாட் (1844–1926) பாரிஸில் 1878-ஆம் ஆண்டு வரைந்த எண்ணெய் வண்ண ஓவியமாகும். இம்ப்ரஷனிசம் எனப்படும் உணர்வுப்பதிவுவாதப் பாணியைச் சேர்ந்தது. இது வாஷிங்டனிலுள்ள தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. உயரம் ஏறத்தாழ 90 செ.மீ., அகலம் 130 செ.மீ.

காட்சி

பெரிய நீல நாற்காலியில் வெள்ளைச் சட்டை அணிந்த ஒரு சிறுமி சரிந்து கிடக்கிறாள். ஒரு கை தலைக்குப் பின்னால். கால்கள் தளர்ந்து விரிந்துள்ளன. இடுப்பில் கட்டம் போட்ட துணிப்பட்டை. பார்வை நம்மீது இல்லை. பக்கத்து நாற்காலியில் ஒரு சிறு நாய் படுத்திருக்கிறது. சிறுமி எட்கார் தேகாவின் நண்பர்களுடைய மகள். பின்னணியில் தேகாவும் சிறிது தீட்டியுள்ளார்.

பிறந்தநாளுக்கு ஸ்டூடியோவில் எடுத்த குழந்தைப் படங்களை நினைத்துப் பாருங்கள். தலை வாரி, பொட்டு வைத்து, "ஆடாதே" என்று உட்கார வைத்திருப்பார்கள். கசாட் அந்த 'ஆடாதே'யைச் சொல்லவில்லை. சலித்துப்போன குழந்தையின் உடல் எப்படிக் கிடக்குமோ அப்படியே வரைந்தார். பெரிய இருக்கைகளுக்கு நடுவே அவள் எவ்வளவு சிறியவள் என்பதும் தெரிகிறது.

நிராகரிப்பு

1878 பாரிஸ் உலகக் கண்காட்சியின் அமெரிக்கப் பிரிவு இவ்வோவியத்தை ஏற்கவில்லை. நடுவர் மூவரில் ஒருவர் மருந்து வணிகர் என்று கசாட் பின்னாளில் ஒரு கடிதத்தில் கோபத்துடன் குறிப்பிட்டார். அடுத்த ஆண்டு அவர் உணர்வுப்பதிவுவாதிகளின் கண்காட்சியில் முதன்முறையாகப் பங்கேற்றார்.

சுவைக்கும் முறை

குற்றாலம் சித்திரசபைச் சுவரோவியங்களில் உருவங்களைப் பிரித்துக் காட்டுவது கோடு. இங்கே அந்த வேலையைப் பெரிதும் தூரிகைத் தீற்றல்கள் செய்கின்றன. சாரல் காலத்தில் மேகம் விலகி வெயில் எட்டிப் பார்த்தால் அருவிப் பாறையின் நிறம் சட்டென மாறும். அத்தகைய நொடிநேர ஒளியைப் பிடிப்பதே இப்பாணியின் நோக்கம்.

கலைக்கூடத்தின் இணையதளத்தில் இப்படம் இலவசமாகக் கிடைக்கிறது. மாணவர்கள் இப்படிப் பார்க்கலாம்:

1. முதலில் சட்டையைப் பெரிதாக்குங்கள். வெள்ளைக்குள் நீலமும் சாம்பலும் தெரியும்.
2. பிறகு படத்தைச் சிறிதாக்குங்கள். தீற்றல்கள் கலந்து துணியாகும்.
3. பின்புறச் சன்னல் வெளிச்சம் எங்கெங்கே விழுகிறது எனத் தேடுங்கள்.
4. கடைசியாக முகத்தைப் பாருங்கள். அவள் என்ன நினைக்கிறாள் என்பதற்கு ஓவியர் விடை தரவில்லை. பெரியவர்களுக்காகச் சிரிக்க வேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை.