மலையேறும் அம்பாசிடருக்கு எந்த ஃபேன்?

கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் ஒரு பழைய அம்பாசிடர் கொதித்து நின்றால், சுற்றி நிற்பவர்களில் ஒருவராவது சொல்லும் வைத்தியம் இது: "மாருதி ஃபேன் ஒண்ணு மாட்டிடுங்க." தப்பான யோசனை இல்லை. ஆனால் வண்டி ஏறுவதால் கொதிக்கிறதா, நிற்பதால் கொதிக்கிறதா என்று பார்க்காமல் மாட்டினால் காசுதான் கரையும்.

அம்பாசிடரின் 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் ஃபேன் தண்ணீர் பம்பின் முகப்பிலேயே இருக்கிறது. எஞ்சின் சுற்ற, பெல்ட் சுற்ற, பம்பும் ஃபேனும் டைனமோவும் சேர்ந்து சுற்றும். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இல் எஞ்சின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருந்ததால், பெல்ட்டில் ஓடும் ஃபேன் ரேடியேட்டரைப் பார்த்து நிற்க வழியில்லை. அதனால் மோட்டார் வைத்த ஃபேன். பழைய வண்டிக்காரர்கள் அதன் மேல் கண் வைத்ததற்கு, மலிவாகவும் எங்கும் கிடைப்பதாகவும் இருந்ததே காரணம்.

மலை கேட்கும் காற்று எவ்வளவு? ஆட்களோடு 1,500 கிலோ எடை, 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் சாலை, மணிக்கு 20 கி.மீ. வேகம் என்று வைத்துக்கொள்வோம். எடையைத் தூக்க மட்டும் ஏறக்குறைய 6.5 கிலோவாட் வேண்டும். உராய்வையும் சேர்த்தால் 8, 9 ஆகிவிடும். பெட்ரோல் எஞ்சின் வேலையாக மாற்றும் அளவுக்குக் குறையாத வெப்பத்தைத் தண்ணீரிலும் கொட்டுகிறது. 12 கிலோவாட் என்று கொள்ளலாம். ரேடியேட்டரைக் கடக்கும் காற்று 30 டிகிரி சூடேறி வெளியேறுமானால், விநாடிக்கு 350 லிட்டர் காற்று தேவை. இந்த வேகத்தில் எதிர்க்காற்றை மட்டும் நம்ப முடியாது. பின்னாலிருந்து காற்று அடித்தால் அதுவும் இல்லை.

ஆனாலும் பெல்ட் ஃபேனை இங்கே குறை சொல்ல மாட்டேன். இரண்டாவது கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 1,800 சுற்று போலச் சுற்றும்போது அது உருப்படியாகவே வேலை செய்கிறது. வம்பு எங்கே என்றால், கொண்டை ஊசி வளைவில் எதிரே பேருந்து வர, ஓரம் கட்டி நிற்கும்போது. எஞ்சின் 700 சுற்றுக்கு இறங்குகிறது. ஃபேன் தள்ளும் காற்று சுற்றுக்கு நேர் விகிதத்தில் குறையும். அது வாங்கும் சக்தியோ மூன்றாம் மடியில் குறையும். காற்று இரண்டரை மடங்கு குறைய, சக்தி 17 மடங்கு குறைகிறது. மலையேறிய சூடு முழுதும் எஞ்சினுக்குள் இருக்கும் நேரத்தில் இப்படி. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துப் பக்கம் நெரிசலில் நின்றாலும் இதே கதைதான். மோட்டார் ஃபேனுக்கு எஞ்சின் என்ன வேகத்தில் ஓடுகிறது என்ற கவலையே கிடையாது. அதை வாங்க உண்மையான காரணம் இதுதான்.

உயரமும் கொஞ்சம் விளையாடுகிறது. இந்த மலைத்தொடரில் சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி, பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி. 2,700 அடியில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டரின் 7 பி.எஸ்.ஐ. மூடி அழுத்தம் கொடுத்து அந்த எல்லையை இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி உயர்த்திவைக்கிறது. 102 டிகிரியில் அடங்கியிருக்கும் தண்ணீர், மூடியைத் திறந்த கணமே ஆவியாகி முகத்தில் பாய்வது இதனால்தான். ரப்பர் இற்றுப்போன மூடியோடு மலையேறிவிட்டு ஃபேனைத் திட்டுகிறவர்கள் நிறைய.

போர்வெல் தண்ணீரையே வருடக்கணக்கில் ஊற்றிய ரேடியேட்டரானால், குழாய்களின் உள்ளே உப்பு படிந்து அடைத்திருக்கும். அதற்கு எந்த ஃபேனும் மருந்தில்லை. பித்தளைத் தொட்டியைப் பிரித்து, குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்யும் ரேடியேட்டர் கடைக்குத்தான் முதலில் போக வேண்டும்.

இனி ஃபேன். ரேடியேட்டருக்குப் பின்னால் நின்று காற்றை இழுப்பதே நல்லது. முன்னால் நின்று தள்ளும் ஃபேன், ஓடும்போது வரும் காற்றுக்கே குறுக்கே நிற்கும். இறக்கை வட்டம், ரேடியேட்டர் சதுரம். இடைவெளியை மூடும் தகரக் கூண்டு இல்லாவிட்டால் மூலைகள் சும்மா கிடக்கும். பெட்டியில் அச்சடித்த காற்றளவு பெரும்பாலும் எதிரே தடையே இல்லாமல் அளந்தது. ரேடியேட்டருக்குப் பின்னால் அது கணிசமாகக் குறையும் என்பதால், 350 லிட்டர் வேண்டுமானால் அதைவிட நன்றாகக் கூடுதலாகச் சொல்லும் ஃபேனைத் தேடுங்கள்.

எல்லாவற்றையும்விட நான் தயங்குவது மின்சாரத்தில். 10 ஆம்பியர் இழுக்கும் ஃபேன் 120 வாட் தின்கிறது. லூகாஸ் சி40 வகை டைனமோ வேகமாகச் சுற்றினாலே 22 ஆம்பியர்தான் தரும். எஞ்சின் நிதானத்துக்கு இறங்கும்போது ஏறக்குறைய ஒன்றும் தராது. ஃபேன் மிகவும் தேவைப்படும் அதே நேரத்தில் முழுச் சுமையும் பேட்டரி தலையில். இரவில் முகப்பு விளக்கும் எரிந்தால் கேட்கவே வேண்டாம். டைனமோ வண்டிக்கு முதலில் ஆல்டர்னேட்டர், பிறகு ஃபேன். பாசிட்டிவ் முனையை பாடியில் எர்த் செய்த பழைய பிரிட்டிஷ் வகை வண்டியென்றால் இன்னொரு வேடிக்கை: வழக்கம்போல ஒயர் கொடுத்தால் காந்த மோட்டார் திருப்பிச் சுற்றும். ஃபேன் ஓடும், சத்தமும் வரும், காற்று மட்டும் தப்பான பக்கம் போகும்.

ரிலேயும் ஃபியூஸும் இல்லாமல் இணைக்கவே வேண்டாம். தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறந்தால், ஃபேன் சுவிட்ச் 90-க்குச் சற்று மேலே போடும்படி இருக்கட்டும். தெர்மோஸ்டாட் திறக்கும் அளவுக்குக் கீழே வைத்தால் ஃபேன் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். பழைய ஃபேனைக் கழற்றும்போது ஒன்று: அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளே பம்ப் புல்லியையும் பிடித்திருக்கின்றன. ஃபேன் போனதும் அவை நீளமாகிவிடும். குட்டை போல்ட்டோ கனமான வாஷரோ போட்டு இறுக்காவிட்டால் புல்லி ஆடும், பெல்ட் கழலும், தண்ணீர் பம்ப் நிற்கும்.