பறக்கவிடுமுன் சற்றே நில்லுங்கள்!

கம்பம் பள்ளத்தாக்கின் நிக்காஹ் வீடுகளில் படமெடுக்கும் டிரோன் வட்டமிடுவது இன்று வழக்கமாகிவிட்டது. அதன் கீழே குழந்தைகள் நிற்கிறார்கள் என்பதை மறக்கலாகாது.

கிப்லாவைக் காட்டும் காந்த ஊசி இரும்பின் அருகில் பிறழ்வதைக் கண்டிருப்பீர்கள். டிரோனுக்குள்ளும் அத்தகைய திசைகாட்டி உண்டு. அது பிறழ்ந்தால், ஓரிடத்தில் நிற்க முயலும் டிரோன் தவறான திக்கில் நகர்ந்து, வட்டமிட்டபடியே விலகிவிடும்.

ஆகவே, தொலைவூர் கொண்டுசென்ற பின்னரும், செயலி கேட்கும்போதும் திசைகாட்டியைச் சரிசெய்யுங்கள். கம்பி பதித்த மொட்டை மாடி, வாகனங்களின் அருகு, சுருளிப்பட்டித் திராட்சைப் பந்தலின் கம்பிவலைக்கடி ஆகியன அதற்கு ஏற்றவையல்ல. வெட்டவெளியில், செயலி காட்டும் முறைப்படி, டிரோனைக் கிடையாக ஒரு முழுச்சுற்றும், செங்குத்தாக மற்றொரு சுற்றும் திருப்புங்கள். சாய்வை அறியும் உணரியைச் சரிசெய்யச் சமமான, அசையாத மேசை வேண்டும். டிரோனின் சூடும் ஆறியிருக்க வேண்டும்.

தானே திரும்பிவரும் உயரத்தைத் தென்னைக்கும் மின்கம்பிக்கும் மேலாகக் குறியுங்கள். எனினும், 2021ஆம் ஆண்டின் டிரோன் விதிகளின்படி, பச்சை மண்டலத்திலும் அனுமதியின்றி 120 மீட்டரைத் தாண்டலாகாது. சுருளி அருவிப் பக்கம் புலிகள் காப்பகம். அங்கு வனத்துறையின் இசைவு வேண்டும்.

சில நிமிடப் பொறுமை ஒரு பிள்ளையின் கண்ணைக் காக்குமெனில், அது பெரிய விலையா?