உளமருத்துவர் காக்கும் இரகசியம்

மருந்து என்னும் அதிகாரத்தை நிறைவுசெய்யும் வள்ளுவர், மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துக் காட்டுகிறார்: நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து மருந்து கொடுப்பவன். உடல் நோய்க்கு இவ்வகுப்பு இன்றும் பொருந்துவதே. ஆயின் உளச்சிகிச்சையை இவ்வளவுகோல் கொண்டு அளக்கப் புகுந்தால் சற்றே தடுமாற நேர்கிறது. அங்கே குப்பியுமில்லை, குளிகையுமில்லை. கதவடைத்த அறையில் இருவர் அமர்ந்து பேசுகின்றனர். அவ்வளவே. அப்படியாயின் மருந்து எது?

வியன்னா நகரில் 1880 முதல் 1882 வரை யோசேப் புரொயர் என்னும் வைத்தியரிடம் சிகிச்சை பெற்ற இளம்பெண்ணொருத்தி இதற்கு விடை கூறினாள். தான் பெற்ற வைத்தியத்துக்குப் ‘பேச்சுச் சிகிச்சை’ என்று அவளே பெயரிட்டாள். புரொயரும் புரொய்டும் 1895இல் வெளியிட்ட நூலில் அவள் ‘அன்னா ஓ’ என்ற புனைபெயரிலேயே இடம்பெற்றாள். 1936இல் அவள் காலமானாள். 1953இல் வெளிவந்த புரொய்டின் வாழ்க்கை வரலாற்று நூலொன்று அவளது உண்மைப் பெயரை உலகறியச் செய்தது. அதற்கு அவளிடம் அனுமதி கேட்பார் எவருமிலர்.

பேச்சே மருந்தாயின், அம்மருந்தைக் கெடாமற் காக்கும் கலம் இரகசியம் என்பது என் கருத்து. ஆசிரியராய் இருந்தோர் இதனை எளிதில் உணர்வர். “ஒருவரிடமும் சொல்லக்கூடாது, சேர்” என்று தொடங்கும் மாணவனின் கண்களை நாம் கண்டிருக்கிறோம். அந்த உறுதி கிடையாவிடில் அவன் வாய் திறவான். ஆயின், அவன் சொல்லப்போவது இன்னொருவரின் உயிரைப் பற்றியதாக இருந்தால்?

இக்கேள்வி, அமெரிக்காவில், கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிலி வளாகத்தில், 1969 ஓகஸ்ட் மாதத்தில் எழுந்தது. கப்பற் கட்டுமானக் கலை பயில இந்தியாவிலிருந்து சென்ற மாணவன் ஒருவன், தன் காதலை ஏற்காத பெண்ணைக் கொல்லப்போவதாகத் தன் உளச்சிகிச்சையாளரிடம் கூறினான். பெயரை அவன் கூறவில்லையெனினும், அவள் யாரென அறிதல் அரிதன்று. அப்போது அவள் பிரேசில் நாட்டுக்குச் சென்றிருந்தாள். சிகிச்சையாளர் வாளாவிருக்கவில்லை. மருத்துவர் இருவரோடு கலந்து, அவனைத் தடுத்துவைக்குமாறு வளாகப் பொலிசாருக்குக் கடிதம் எழுதினார். அவர்கள் அவனைப் பிடித்து விசாரித்தனர்; தெளிந்த புத்தியுடையவனாகத் தோன்றவே, அவளை அணுகேன் என்ற வாக்குறுதியைப் பெற்றுக்கொண்டு விட்டுவிட்டனர். பின்னர் அப்பிரிவின் தலைமை மருத்துவர் அக்கடிதத்தைத் திருப்பிப் பெற்றதோடு, குறிப்புகளை அழிக்கவும் பணித்தார் என்று வழக்கில் கூறப்பட்டது. மாணவன் சிகிச்சைக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். நாடு திரும்பிய பெண்ணுக்கோ அவள் பெற்றோருக்கோ ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஒக்டோபர் 27ஆந் திகதி அவள் கொல்லப்பட்டாள்.

பெற்றோர் தொடுத்த வழக்கே தராசொவ் வழக்கு எனப்படுவது. ஆபத்துக்குள்ளாகும் நபரை எச்சரித்தல் சிகிச்சையாளரின் கடமையென 1974இல் மாநில உயர் நீதிமன்றம் தீர்த்தது. உளமருத்துவர் உலகம் கொதித்தெழுந்தது. நீதிமன்றம் வழக்கை மீண்டும் விசாரித்து 1976இல் புதிய தீர்ப்பு வழங்கியது. இரு தீர்ப்புகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைப் பலர் கவனிப்பதில்லை. முந்தியது எச்சரிக்கச் சொன்னது. பிந்தியது காக்கச் சொன்னது. எச்சரித்தல், பொலிசாருக்கு அறிவித்தல் என்பன காக்கும் வழிகளுள் அடங்குவனவே; சூழ்நிலைக்கேற்ப நியாயமான வேறு வழியையும் மேற்கொள்ளலாம். வள்ளுவரின் நால்வகைக்கு அப்பால், அறைக்குள் வராத ஐந்தாமவர் ஒருவரையும் நீதிமன்றம் மருத்துவத்தினுள் சேர்த்துவிட்டது.

நீதியரசர் கிளார்க் இதற்கு உடன்படவில்லை. இரகசியம் நில்லாதெனின் நோயாளி வரமாட்டான், வந்தாலும் பேசமாட்டான். சிகிச்சை பெறாதவன் முன்னிலும் ஆபத்தானவன் ஆவான் என்பது அவரது வாதம். இவ்வாதத்தை எளிதிற் புறந்தள்ள முடியாது. பொலிசார் தலையிட்டபின் அம்மாணவன் சிகிச்சையைக் கைவிட்டதே அதற்குச் சான்று. எனினும் நான் பெரும்பான்மைத் தீர்ப்பின் பக்கமே நிற்கிறேன். கடிதம் எழுதியதோடு பொறுப்புப் பிறர் கைக்கு மாறிவிட்டதென ஒவ்வொருவரும் எண்ணிய இடத்திலேதான் அப்பெண்ணின் உயிர் போயிற்று. சிகிச்சையாளரின் கடமை ஆபத்து வந்த அன்று தொடங்குவதன்று. எது வெளியே செல்லாது, எந்நிலையில் செல்ல நேரும் என்பதை முதற் சந்திப்பிலேயே நோயாளிக்கு விளக்குதல் வேண்டும். சொல்லி முறிப்பதற்கும் சொல்லாமல் முறிப்பதற்கும் பெரும் வேறுபாடுண்டு.

கலிபோர்ணியா 1985இல் இப்பொறுப்புக்குச் சட்டத்தால் எல்லை வகுத்தது. அடையாளங் காணத்தக்க ஒருவரைக் குறித்த கடும் மிரட்டலை நோயாளி வெளியிட்டாலன்றிச் சிகிச்சையாளர் மீது பழியில்லை.

மறுபுறம், 1996இல் அமெரிக்க நாட்டின் உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கைக் கேட்டது. கடமையின்போது ஒருவரைச் சுட்டுக்கொன்ற பெண் பொலிஸ் அதிகாரி, பின்னர் உளச்சிகிச்சையில் பேசியவற்றின் குறிப்புகளை இறந்தவரின் குடும்பத்தினர் கோரினர். தர வேண்டியதில்லை என ஒன்பது நீதியரசருள் எழுவர் தீர்ப்பளித்தனர். அதே தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்றிலே, பிறருக்குக் கடுந்தீங்கு நேரக்கூடிய வேளையில் இவ்வுரிமை வழிவிட வேண்டிவரலாம் என்றும் எழுதி, அதற்குமேல் விரித்துரைக்காமல் நிறுத்திக்கொண்டனர்.