நீலகிரியில் எழும் செந்தூள்

பண்டைய உரோமையர் ஏப்ரல் 25ஆம் நாளன்று நகருக்கு வெளியே பவனியாகச் சென்று, ரோபிகுஸ் என்னும் தெய்வத்துக்கு நாயொன்றைப் பலியிடுவது வழக்கம். கோதுமை கதிர் பிடிக்கும் பருவத்தில் இரும்புத் துருவைப் போன்ற செந்நிறத் தூள் பயிர்மேல் தோன்றும். பின்னர் மணி சுருங்கிப் பதராகும். அத்துருவை விலக்கவே அப்பலி. கிறிஸ்தவம் வேரூன்றிய பின், அதே நாளில் புனிதர் மன்றாட்டு மாலை பாடி விளைச்சலுக்காக வேண்டிச் செல்லும் பவனி அதன் இடத்தைப் பெற்றது. சாலமோன் அரசர் ஆலயத்தை நேர்ந்தளித்தபோது செய்த மன்றாட்டிலும், பஞ்சம், கொள்ளைநோய், வெட்டுக்கிளி இவற்றோடு பயிர் நோயும் இடம்பெறுவதை முதல் அரசர் நூலின் எட்டாம் அதிகாரத்தில் காணலாம். பலி மறைந்தது, பவனியும் பெரும்பாலான இடங்களில் நின்றுவிட்டது. துரு மட்டும் நின்றபாடில்லை.

அத்தூள் யாது? 1767இல் இத்தாலி நாட்டினரான ஃபொந்தானா, தொசெத்தி ஆகிய இருவரும் தனித்தனியே உருப்பெருக்கிக் கண்ணாடியில் நோக்கி, அது பயிரின் உணவை உறிஞ்சி வாழும் நுண்ணிய பூசணமே எனக் கண்டனர். ஒவ்வொரு துகளும் ஒரு வித்து. பனியீரம் படிந்த தண்டில் விழுந்தால் முளைத்து உட்புகும். ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு நாட்களில் தோலைக் கிழித்துக்கொண்டு ஆயிரக்கணக்கான புது வித்துகளை வெளிவிடும். பயிர் முற்றும்போது அக்கொப்புளங்கள் கறுத்துவிடுவதால் இதனைக் கருந்துரு என்பர்.

குளிர் நாடுகளில் இப்பூசணம் பார்பெரி என்ற முட்புதரில் தன் வாழ்வின் ஒரு பகுதியைக் கழிக்கிறது. அப்புதரின் அருகே நோய் மிகுவதைக் கண்ட உழவர்கள், காரணம் அறியாமலே அதனை வெட்டி எறிந்தனர். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 1726இலேயே இதற்குச் சட்டம் உண்டாயிற்று. அதற்கு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, 1865இல்தான் அந்தோன் தெ பாரி என்ற செருமானியர் உழவர் சொன்னது மெய்யே என்று ஆய்வினால் நிறுவினார். படித்தவர்கள் இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நம் நாட்டிலோ வேறொரு புதிர் இருந்தது. வட இந்தியச் சமவெளியில் பங்குனி, சித்திரையோடு அறுவடை முடிந்துவிடும். பிறகு வரும் வெயிலில் துருவின் வித்துகள் உயிர் தாங்கா. இங்குள்ள பார்பெரி இனங்களும் நோய்க்கு உறைவிடமாவதில்லை. அப்படியானால் அடுத்த ஆண்டு நோய் எங்கிருந்து வருகிறது? ஆக்ராக் கல்லூரிப் பேராசிரியர் கரம் சந்த் மேத்தா 1923 முதல் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு இக்கேள்வியோடே வாழ்ந்தார். பசை தடவிய கண்ணாடித் தகடுகளைப் பல ஊர்களில் காற்றில் நிறுத்தி, வித்துகள் எப்போது வந்து ஒட்டுகின்றன என்று பார்த்தார். குளிர்ந்த மலைகளில் கோடையிலும் நிற்கும் கோதுமையே நோயைக் காத்து வைத்துச் சமவெளிக்கு அனுப்புகிறது என்பது அவர் கண்ட உண்மை. அவர் சுட்டிய மலைகளுள் நம் நீலகிரியும் பழனி மலையும் உண்டு!

1970களில் வந்த ஆய்வாளர்கள் இதனை மேலும் தெளிவாக்கினர். கருந்துருவுக்கு இவ்விரு மலைகளே தலையாய ஊற்று. நவம்பர் மாதத்தில் வங்கக் கடலில் புயலோ தாழ்வு மண்டலமோ தோன்றித் தக்க திசையில் நகர்ந்தால், மலையில் எழும் செந்தூளைக் காற்று வாரிச் செல்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் மத்திய இந்தியாவில் மழை அதனைப் பயிர்மீது இறக்குகிறது. 1946–47 பருவத்தில் அப்பகுதியில் கருந்துரு பேரழிவு செய்தது.

ஊற்று தெரிந்தபின் அதை அடைப்பதுதானே முறை? குன்னூரை அடுத்த வெலிங்டனில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் நிலையம் 1954 முதல் இப்பணியில் ஈடுபட்டுள்ளது. ஆண்டு முழுதும் துரு வாழும் இடமாதலால், எந்த விதை தாங்கும், எது தாங்காது என்று அங்கேயே சோதிக்கலாம். தாங்கும் வகைகளை மலை உழவரிடம் கொடுத்தால், சங்கிலியின் முதல் கண்ணியே அறுந்துபோகிறது. ஆனால் இதை அந்த உழவரின் இடத்திலிருந்து எண்ணிப் பாருங்கள். அவரிடம் இருப்பது சிறு நிலம். பழகிய விதை, பழகிய சுவை. நர்மதைக் கரையில் இருக்கும் முகமறியாத ஒருவரின் ரொட்டிக்காக அவர் அதை விட வேண்டும். இழப்பை அவர்மேல் மட்டும் சுமத்துவது நீதியன்று. புதிய வகை அவருக்கும் நல்ல விளைச்சலும் நல்ல மாவும் தரவேண்டும்.

மேலும், எதிர்ப்பாற்றல் நிலைத்த சொத்தன்று. ரை என்னும் தானியத்திலிருந்து கோதுமைக்குக் கொண்டுவந்த ஓர் எதிர்ப்புப் பண்பை உலகெங்கும் நம்பியிருந்தனர். 1998இல் உகாண்டாவில் அதனையும் வென்ற புதிய துரு கண்டுபிடிக்கப்பட்டது. 2007க்குள் ஈரானையும் எட்டியது. அதனால் நம் கோதுமை வகைகளைக் கென்யாவின் இஞ்ஜோரோவுக்கு அனுப்பி, அத்துருவின் நடுவிலேயே வளர்த்துப் பார்த்தார்கள். ஒரே வகையைப் பரந்த நிலமெங்கும் விதைப்பது, எல்லா வீடுகளுக்கும் ஒரே சாவி செய்வது போன்றது.

கோதுமையைப் பற்றி நமக்கென்ன என்று நெல் விளைவிக்கும் குடும்பங்கள் கேட்கலாம். நெல்லின் குலைநோயும் காற்றில் பரவும் பூசணமே. 1919இல் தஞ்சைப் பகுதியில் அது செய்த அழிவு வேளாண் வரலாற்றில் பதிவாகியுள்ளது. இலையில் கண் வடிவப் புள்ளியாகத் தொடங்கி, கதிரின் கழுத்தைத் தாக்கினால் மணி பிடிக்காது. இரவுக் குளிரும் பனியும், அவற்றோடு நாம் அள்ளிப் போடும் யூரியாவும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். பயிர் கருகருவென்று நிற்பதைக் கண்டு மகிழ்கிறோம்; பூசணமும் மகிழ்கிறது. தழைச்சத்தைப் பிரித்துப் பிரித்து இடவேண்டும். வரப்பிலுள்ள புற்களில் நோய் தங்குமாதலால் அவற்றை அகற்றவேண்டும். விதை கிலோவுக்குச் சூடோமோனாஸ் 10 கிராம் கலந்து விதைக்கலாம். நோய் கண்ட வயலின் நெல்லை விதைக்கென எடுத்துவைத்து, உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் கைமாற்றாகக் கொடுக்கும் வழக்கத்தை இந்தச் சம்பாவிலேயே நிறுத்தலாம். நாற்றங்கால் போடுமுன் விதை எந்த வயலிலிருந்து வந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.