ட்ரஃபால்கர் வெள்ளிச் சாடி

1805 அக்டோபர் 21. ஸ்பெயின் கரையோரம் ட்ரஃபால்கர் முனைக்கு அருகே 27 பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள், பிரான்சும் ஸ்பெயினும் சேர்ந்து நிறுத்திய 33 கப்பல்களை வென்றன. பிரிட்டிஷ் தளபதி நெல்சன் குண்டடிபட்டு, வெற்றிச் செய்தியைக் கேட்ட பிறகு உயிர்விட்டார்.

வீரர்களைக் கௌரவிக்க முன்வந்தவர்களில் லண்டன் லாயிட்ஸின் கப்பல் காப்பீட்டு வணிகர்களும் உண்டு. எதிரிக் கப்பல்கள் கடலில் உலவும் வரை சரக்குக்கு ஆபத்து, அதை ஈடுகட்டுகிற இவர்களுக்கு நஷ்டம். நன்றியோடு சொந்தக் கணக்கும் இருந்தது. ஆனால் 1803இல் இவர்கள் தொடங்கிய நிதி, காயம்பட்ட மாலுமிக்கும் இறந்தவரின் குடும்பத்துக்கும் கூடப் பணம் கொடுத்தது. அதனால் அந்த நன்றியை நான் சந்தேகிக்கவில்லை.

அந்த நிதியிலிருந்து கப்பல் தலைவர்களுக்கு 100 பவுண்டு மதிப்பில் வாள் அல்லது வெள்ளிச் சாடி. நெல்சனின் மனைவிக்கு 500 பவுண்டு சாடி. சாடியின் வடிவத்தைச் சிற்பி ஜான் ஃப்ளாக்ஸ்மன் பழைய கிரேக்கக் கலயத்தின் சாயலில் வரைந்தார். ஒரு பக்கம் வெற்றித் தேவதையைக் கையில் ஏந்திய, பிரிட்டனின் உருவகமான பிரிட்டானியா, மறுபக்கம் பல தலைப் பாம்பை வெட்டும் ஹெர்குலிஸ், மூடியில் சிங்கம்.

சுத்த வெள்ளி மிக மென்மையானது. ஆகவே ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதிக்குப் பெரும்பாலும் செம்பு. இப்படிப்பட்ட சாடிகளுக்குத் தகட்டைத் தட்டித் தட்டிக் குழிக்கிறார்கள். அடிபட அடிபட வெள்ளி இறுகும். அப்படியே தொடர்ந்தால் வெடித்துவிடும். அதனால் இடையிடையே காய்ச்சி இளக்க வேண்டும். கைப்பிடி, உருவங்களைத் தனியே வார்த்துப் பற்றவைப்பார்கள். நகாசு கடைசியில்.

பிறகு முத்திரை. நடக்கும் சிங்கம் என்றால் வெள்ளியின் தரம் உறுதி. சிறுத்தைத் தலை லண்டன் பரிசோதனைக் கூடத்தின் அடையாளம். அரசர் தலை, அன்றைய வரியைக் கட்டியதற்குச் சான்று. ஆண்டுக்கோர் எழுத்தும் உண்டு: 1805க்கு ‘கே’, 1806க்கு ‘எல்’. கூடவே செய்தவரின் பெயரெழுத்துகள். நகத்தளவு இடத்தில் ஒரு பிறப்புச் சான்றிதழே இருக்கிறது. கந்தகம் பட்டுக் கறுத்த வெள்ளியை ஓயாமல் தேய்ப்பவர்கள் முதலில் அழிப்பதும் இதைத்தான். பார்க்கவே மனம் பதறும்.

அந்தப் பெயரெழுத்துகள் பல சாடிகளில் டிக்பி ஸ்காட், பெஞ்சமின் ஸ்மித் இருவருடையவை. அவர்களின் பட்டறை இருந்த ஊர் கிரீனிச். 1806 ஜனவரியில் நெல்சனின் உடலை மக்கள் வரிசையில் நின்று பார்த்த ஊரும் அதுதான்.