கேமரன் மலையில் அடுப்புள்ள வீடு

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கேமரன் மலைக்குப் போகலாமென்று உங்கள் பிள்ளைகளும் கேட்பார்கள். ஐந்து பேர் மூன்று வேளையும் கடையில் சாப்பிட்டால் நம் சம்பளம் தாங்குமா? சமைத்துச் சாப்பிட வசதியுள்ள வீட்டை வாடகைக்கு எடுப்பதே நமக்கு ஏற்றது.

ஆனால், விசாரிக்காமல் முன்பணம் கட்டிவிடாதீர்கள். ஒருமுறை "சமையலறை உண்டு" என்ற சொல்லை நம்பிப் போனேன். அங்கே இருந்தது ஒரு மின்சாரக் கேத்தல்தான்! அன்றிரவு என் கடைக்குட்டி ரொட்டியைத் தேநீரில் நனைத்துத் தின்றுவிட்டுப் படுத்தான். எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஆகவே, அடுப்புக்குக் கேஸ் உண்டா, சட்டிபானை எத்தனை, குளிக்க வெந்நீர் வருமா, தலைக்கொரு கம்பளி கிடைக்குமா என்று கேளுங்கள். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் உள்ள ஊர். அதன் இரவுக் குளிர் நம் பிள்ளைகளுக்குப் புதிது. சரிவில் கட்டிய வீடென்றால் மாடியில் கம்பித் தடுப்பு இருக்கிறதா என்பதும் முக்கியம்.

அரிசி, மசாலையை வீட்டிலிருந்தே கொண்டு செல்லுங்கள். காய்கறி அங்கே விளைகிறது. தாப்பா சாலையில் வளைவுகள் அதிகம். மலையேறுமுன் பிள்ளைகளுக்கு வயிறு முட்டக் கொடுக்காதீர்கள்.

கேட்க வெட்கப்படாதீர்கள், பெற்றோரே! பிள்ளைகள் வயிறார உண்டு, கதகதப்பாக உறங்கினால்தான் அது விடுமுறை.