பயிற்றுநர் போனால் ஆட்டக்காரர்களும் ஏன் போகிறார்கள்?



உங்கள் பள்ளிக் குழு மாவட்டப் போட்டியின் அரையிறுதியில் தோற்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வாரமே உங்கள் பயிற்றுநர் வேறு பள்ளிக்கு மாற்றலாகிப் போகிறார். 'இனி இந்தக் குழுவில் இருந்து என்ன பயன்?' என்ற எண்ணம் வருமா, வராதா? பெரும்பாலோருக்கு வரும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் காற்பந்து ஆடும் இளைஞர்களுக்கும் ஆண்டுதோறும் இதே எண்ணம் வருகிறது. அவர்களில் பலர் பல்கலைக்கழகத்தையே மாற்றிக்கொள்கிறார்கள். அது ஏன்? மூளையும் மனமும் அதில் என்ன வேலை செய்கின்றன என்று பார்ப்போம்.

நாம் ஆடும் காற்பந்து வேறு, அமெரிக்கக் காற்பந்து வேறு. அங்கே பந்து நீள்வட்ட வடிவில் இருக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டும் ஓடலாம், எறியவும் செய்யலாம். பல்கலைக்கழக ஆட்டம்தானே என்று எண்ணிவிடாதீர்கள். அலபாமா பல்கலைக்கழகத்தின் அரங்கத்தில் மட்டும் சுமார் 100,000 பேர் அமரலாம்!

சில நாள்களில் நடந்த கதை

2024 ஜனவரி 1. தேசிய வெற்றியாளர் போட்டியின் அரையிறுதியில் மிச்சிகன் பல்கலைக்கழகத்திடம் அலபாமா 27-20 என்று கூடுதல் நேரத்தில் தோற்றது. ஜனவரி 8ஆம் தேதி நடந்த இறுதியாட்டத்தில் மிச்சிகன் 34-13 என்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தையும் வென்றது.

இரண்டு நாள் கழித்து, அலபாமாவில் 17 பருவங்கள் பயிற்றுநராக இருந்த நிக் சேபன் ஓய்வு பெறுவதாக அறிவித்தார். மொத்தம் ஏழு தேசியப் பட்டங்களை வென்றவர் அவர். ஜனவரி 12ஆம் தேதி, வாஷிங்டனின் பயிற்றுநர் கேலன் டிபோயர் அவருடைய இடத்துக்கு வந்தார். வாஷிங்டனில் காலியான இடத்தை நிரப்ப அரிசோனா பல்கலைக்கழகத்திலிருந்து ஜெட் ஃபிஷ் போனார். ஒருவர் ஓய்வு பெற்றதால் அடுத்தடுத்துப் பல அணிகளுக்குப் பயிற்றுநர் மாறிவிட்டார்.

பிறகு ஆட்டக்காரர்கள் நகர்ந்தார்கள். அலபாமாவின் இளம் தற்காப்பு ஆட்டக்காரர் கேலப் டவுன்ஸ் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். வாஷிங்டனின் ஜெர்மி பெர்னார்டும் பார்க்கர் பிரெயில்ஸ்ஃபோர்டும் தங்கள் பழைய பயிற்றுநர் இருக்கும் அலபாமாவுக்கே வந்து சேர்ந்தார்கள்.

மனத்தின் மூன்று தேவைகள்

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், ஒருவர் ஒரு வேலையில் ஊக்கத்தோடு நீடிக்க மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்கிறார்கள். முதலாவது, 'இதை நானே விரும்பித் தேர்ந்தெடுத்தேன்' என்ற உணர்வு. இரண்டாவது, 'என்னால் முடியும், நான் முன்னேறுகிறேன்' என்ற உணர்வு. மூன்றாவது, 'என்மேல் அக்கறை உள்ளவர்கள் இங்கே இருக்கிறார்கள்' என்ற உணர்வு.

பயிற்றுநர் மாறும்போது இந்த மூன்றுமே ஒரே நேரத்தில் ஆட்டம் காண்கின்றன. எப்படி?

பள்ளி முடிக்கும் மாணவரின் வீடு தேடி வந்து, பெற்றோரிடம் பேசி, 'உங்கள் பிள்ளையை என்னிடம் விடுங்கள்' என்று கேட்பவர் பயிற்றுநர்தான். மாணவர் கையொப்பமிடுவது பல்கலைக்கழகத்தோடு. ஆனால், நம்புவது அந்த மனிதரை. அவர் போய்விட்டால் 'நான் தேர்ந்தெடுத்தது இதுவல்லவே' என்று தோன்றும். பிணைப்பும் அறுந்துபோகும்.

புதியவர் புதிய ஆட்டமுறையோடு வருவார். வேகமாக ஓடுபவரைப் பழையவர் விரும்பியிருப்பார். புதியவருக்கு உடல் பலம் மிக்கவர் தேவைப்படலாம். அணியில் நூறு பேருக்கு மேல் இருந்தாலும் களத்தில் ஒரு நேரத்தில் நிற்பவர்கள் 11 பேர்தான். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் முக்கிய இடத்திலோ ஒரே ஒருவர்தான் ஆடுவார். நேற்றுவரை முதல் வரிசையில் இருந்தவர் இன்று மறுபடியும் தம்மை நிரூபிக்க வேண்டும்.

காலமும் காத்திருக்காது. அப்போதைய விதிப்படி, ஒரு மாணவர் ஐந்து ஆண்டுகளுக்குள் நான்கு பருவங்கள் மட்டுமே ஆட முடியும். அதில் ஒரு பருவம் ஓரத்தில் உட்கார்ந்தே கழிந்தால் கால் பங்கு போய்விட்டது என்று பொருள்.

தடை குறைந்தால் வேகம் கூடும்

இந்தக் காரணங்கள் எல்லாம் முன்பும் இருந்தன. பிறகு ஏன் அண்மைக்காலத்தில் இவ்வளவு பேர் மாறுகிறார்கள்? வேதியியலில் படித்த வினையூக்கியை நினைத்துப் பாருங்கள். அது வினைக்கான தடையைக் குறைக்கிறது. அதனால் வினை வேகமாக நடக்கிறது. இங்கே அந்த வேலையை விதிகள் செய்தன.

முன்பு, மாற விரும்பும் மாணவர் மற்ற பல்கலைக்கழகங்களோடு பேசவே தம் பல்கலைக்கழகத்தின் அனுமதி வேண்டும். 2018 அக்டோபரில் இணையவழிப் பதிவு முறை ஒன்று தொடங்கப்பட்டது. அதில் பெயர் ஏறிவிட்டால் எந்தப் பயிற்றுநரும் அவரை அணுகலாம். 2021இல் இன்னொரு தடையும் நீங்கியது. அதுவரை மாறியவர் பொதுவாக ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும். அதன் பிறகு முதல் முறை மாறுபவர் உடனே ஆடலாம் என்றானது. அதே ஆண்டு ஜூலை முதல், மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரங்களுக்குத் தந்து பணம் ஈட்டவும் அனுமதி கிடைத்தது. சேபன் ஓய்வு பெற்றபோது, பயிற்றுநர் விலகிய அணியின் ஆட்டக்காரர்களுக்கு முடிவெடுக்க 30 நாள் சிறப்பு அவகாசமும் இருந்தது.

தோல்வி செய்யும் வேலை

சரி, தோல்விக்கு இதில் என்ன பங்கு? ஒரு சிறு சோதனை. உங்கள் நண்பர் ஒரு நாணயத்தைச் சுண்டுகிறார். தலை விழுந்தால் உங்களுக்கு 100 ரிங்கிட். பூ விழுந்தால் நீங்கள் 100 ரிங்கிட் தர வேண்டும். சம்மதிப்பீர்களா? பெரும்பாலோர் தயங்குவார்கள். டேனியல் கானமன், ஏமஸ் டிவெர்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் 1979இல் இதை விளக்கினார்கள். ஒன்றைப் பெறும் மகிழ்ச்சியைவிட, அதே அளவு ஒன்றை இழக்கும் வலி நமக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று பின்னர் கணக்கிட்டார்கள்.

ஆகவே, பருவத்தின் கடைசி ஆட்டத்தில் தோற்றவருக்கு அதற்கு முன் பெற்ற பத்து வெற்றிகள் கண்ணில் படாமல் போகலாம். அணியின் குறைகள் மட்டும் பூதாகரமாகத் தெரியும். அந்த நேரத்தில் பயிற்றுநரும் போய்விட்டால், வலியும் நிச்சயமின்மையும் ஒன்றுசேர்கின்றன. நிச்சயமின்மை உண்மையான காரணம். ஆராய்ந்து பார்க்க வேண்டியது. தோல்வியின் வலி அப்படியல்ல. அது நாளாக நாளாகக் குறைந்துவிடும். இரண்டையும் பிரித்தறிவதுதான் கடினம்.

போனவர்களும் இருந்தவர்களும்

போனது தவறு என்று சொல்லிவிட முடியாது. கேலப் டவுன்ஸ் சென்று சேர்ந்த ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் 2025 ஜனவரியில் தேசியப் பட்டம் வென்றது. அலபாமாவின் கேடின் பிராக்டர் தம் சொந்த மாநிலமான அயோவாவின் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். ஆனால், சில மாதங்களுக்குள் அலபாமாவுக்கே திரும்பிவிட்டார்.

அரிசோனாவில் ஒரே பள்ளியில் ஒன்றாக ஆடி வளர்ந்த நோவா ஃபிஃபிட்டா, டெட்டைரோவா மெக்மில்லன் என்ற இருவர் இருந்தார்கள். பயிற்றுநர் போன பிறகும் அவர்கள் அங்கேயே இருந்துவிட்டார்கள். அடுத்த பருவத்தில் அணி 12 ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்றது. ஆனாலும், 2025இல் தொழில்முறை அணிகள் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தபோது மெக்மில்லன் எட்டாவதாகத் தேர்வானார்.

ஆக, போவதா இருப்பதா என்பதற்கு எல்லாருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. ஆனால், விடையைத் தேடும் முறை ஒன்று உண்டு. குழுவோ வகுப்போ பாடமோ, எதையாவது விட்டுவிடலாம் என்று உங்களுக்குத் தோன்றும்போது ஒரு தாளை எடுங்கள். 'என்ன மாறிவிட்டது?' என்று ஒரு பக்கத்திலும், 'எது வலிக்கிறது?' என்று மறுபக்கத்திலும் எழுதுங்கள். தாளை மடித்து வைத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்துப் பிரித்துப் பாருங்கள். இரண்டாவது பக்கத்தில் இருப்பவற்றில் எத்தனை இன்னும் வலிக்கின்றன என்று எண்ணுங்கள். முதல் பக்கத்தில் இருப்பவை அப்படியே இருந்தால், அப்போது முடிவெடுங்கள்.